மூடி வைத்த சோறும் யோபுவும்

கடலில் புருசனைப் பறிகொடுத்தவளுக்கு, கடவுள் கடலைப் பற்றிப் பெருமை பேசுகிற பகுதியை வாசித்து ஆறுதல் சொல்லப் போன மடையன் ஊர்காவற்றுறையிலேயே நான் ஒருவன்தான். அவள் என் சொந்த அக்கா. எங்கள் இருவருக்கும் நடுவே, குசினி மேசையில், சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு இன்னொரு கோப்பையால் மூடியபடி அத்தானின் சோறு இருந்தது.

தொழிலுக்குப் போனவர் கரைசேரும்வரை அவர் சோற்றை எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தான் இருந்த காலத்தில் அதற்கு ஒரே எதிரி நான். மூடியைத் தூக்கி மீன்தலையை உருவிவிட்டு, செபமாலையும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். உப்புக் காய்ந்த கையால் அத்தான் கோப்பையைத் திறப்பார். "மச்சான், தலையில்லாத மீனை நான் எந்தக் கடலிலயடா பிடிச்சனான்?" என்பார். பிரசங்கத்தில் நித்திரை கொள்வார். கேட்டால், சுவாமியார் தாலாட்டினால் நான் என்ன செய்கிறது என்பார்.

ஒரு வாடைக்காற்று நாளில் வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. இறந்தவருக்கான பூசைக்கு அக்கா ஒப்பவில்லை. ஒப்பினால் சோற்றை எடுக்க வேண்டிவரும். சனம் என்னை அனுப்பியது. வேதாகம வகுப்புக்குப் போய்வந்த பண்டிதன் நான்தானே. யோபு நூலை விரித்தேன். பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணான மனிதன் ஏன் என்று கேட்கிறான். கடவுளோ சூறாவளிக்குள்ளிருந்து, கடலுக்குக் கதவு போட்டது யார், அதன் அடிவரை நீ போனாயா என்று திருப்பிக் கேட்கிறார். அந்த இடத்தில்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதைக் கேட்டு யோபு கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவனுக்கிருந்த புத்தி எனக்கில்லை, கடைசிவரை வாசித்தேன். அவள் தேத்தண்ணி போட எழுந்துபோனாள்.

வருசங்கள் போய்விட்டன. இன்றும் சோறு மூடப்படுகிறது. விடிந்தால் கோழிகளுக்குப் போகிறது. பின்னேரங்களில் நானும் போய் உட்காருகிறேன். மீன்தலை அப்படியே கிடக்கிறது. பிடிபடாத களவில் என்ன ருசி? அத்தானின் அந்த ஒரு கேள்வியை இன்னொருதரம் கேட்பதற்காக எத்தனை தலையை வேண்டுமானாலும் திருப்பிக் கொடுப்பேன்.

போன கிழமை யோபுவை மறுபடி வாசித்ததில் எனக்குப் புதிதாக ஒன்று பட்டது. வாய் சும்மா இருக்குமா?

"கடவுள் யோபுவுக்குக் காரணம் சொல்லேல்லையக்கா. ஆனா நேரில வந்தவர். அந்த வரவுதான் பதில்."

அக்கா மூடியிருந்த கோப்பையைச் சரிசெய்தாள்.

"அவனுக்குக் கடவுளெண்டாலும் வந்தார்."