நான் அழித்த புகை

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் பெங்களூர் ஜோகுபாளையத்தில் போட்டோக்காரர் சாமிநாதன் வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட காட்டும். பதினெட்டு வருஷம் ஸ்டுடியோவில் கல்யாணப் பெண்களின் அம்மைத் தழும்பைப் படத்தில் அழித்தவன். அந்தக் கையைப் பார்த்துத்தான் செயற்கைக்கோள் படம் கழுவும் ஆபீசில் இருட்டறை வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எம்.எஸ்சி. படித்தவர்களெல்லாம் என் பிரிண்டுக்காகக் கதவுக்கு வெளியே காத்திருப்பார்கள்.

1998 மார்ச். மைசூருக்குத் தெற்கே காடு பற்றிக்கொண்டிருந்தது. தீ எங்கே இருக்கிறது, புகை எந்தப் பக்கம் போகிறது என்று படத்தைப் பார்த்து எங்கள் ஆபீஸ் விஞ்ஞானி ரூபினி மேடம் நாலு மணிக்குள் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் காட்டோர ஊர்களைக் காலி செய்வார்கள்.

பிரிண்ட் போட்டேன். கறுப்பாக இருந்த காட்டின் நடுவே பிரஷ்ஷால் இழுத்ததுபோல் வெளிறிய இழுப்பு ஒன்று. பிலிமைச் சரியாக அலசாததால் வந்த கறை என்று நினைத்தேன். கறையோடு என் பிரிண்ட் வெளியே போவதா? அட்டையில் துளை போட்டு, அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டிக் கறுக்கவைத்து மறுபடி போட்டேன். மிச்சத்தை பிரஷ்ஷால் மூடினேன். மணப்பெண் கன்னம்போல் வழவழவென்று வந்தது.

ரூபினி மேடம் முகம் மலர்ந்தது. “அப்பாடா, புகையே இல்லண்ணா! தீ அணைஞ்சிடுச்சு போல. ஊரைக் காலி பண்ண வேணாம்னு சொல்லிடறேன்” என்று போனை எடுத்தார்.

மேஜையில், நான் லீவில் இருந்தபோது வேறொருவர் போட்ட மூன்று நாள் முந்தைய படம் கிடந்தது. அதிலும் அதே மாதிரி இழுப்பு. ஊதுவத்தி நுனிபோல் ஒல்லியாகத் தொடங்கி, போகப்போக அகன்று, வடக்கே சாய்ந்திருந்தது. எந்தக் கறை அப்படி நுனியிலிருந்து கிளம்பும்? வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எட்டிப் போய் போன்மேல் கையை வைத்தேன்.

“மேடம், போனை வைங்க. இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்.”

“எதை?”

“புகையை. கறைன்னு நெனச்சு…”

அவர் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “காட்டை யாராச்சும் பொண்ணு பார்க்க வர்றாங்களாண்ணா?”

“அப்புறமா திட்டுங்க மேடம். இருபது நிமிஷம் குடுங்க.”

மணி மூன்றரை. எதையும் தொடாமல் ஒரு பிரிண்ட் போட்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து வைத்தேன். இழுப்பு இப்போது கிழக்கே திரும்பியிருந்தது. அது கிளம்பிய நுனியில் ஸ்கேலை வைத்து, தீ இருக்கும் இடத்தையும் புகை போகும் பக்கத்தையும் மேடம் போனில் சொன்னார். கிழக்கே இருந்த இரண்டு ஊர் ஜனங்களையும் அன்று மாலையே ஜீப்புகளில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதன்பின் ரிடையராகும்வரை ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் ‘கை வைக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் போட்டேன். அழித்த அந்தப் படம் என் பீரோவில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். புகை இருந்த சுவடே தெரியாது. பெங்களூரில் இவ்வளவு சுத்தமாக வேறெவனும் அழித்திருக்க மாட்டான்.