வாய்க்குள் இருந்த நெருப்பு

லியோனிலா சிகரெட் பிடிப்பதை முதன்முறை பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். பற்றவைத்த முனையை வாய்க்குள் விட்டு உதட்டை மூடிக்கொள்வாள். எங்கள் இலோக்கோஸ் கடலோரத்தில் அவள் வயதுப் பெண்கள் பலருக்கும் அதுதான் வழக்கம். ஊரார் துணியைத் துவைக்கிறவளுக்கு இரண்டு கையும் ஈரம். சிகரெட்டை வெளியே எரியவிட்டால் கடற்காற்று அணைத்துவிடும், இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டையில் சாம்பல் விழும். வாயைவிடப் பத்திரமான இடம் ஏது என்று கேட்பாள். கேட்கிறவர்களுக்கும் அது சரி என்றே தோன்றிவிடும்.

சுகாதார நிலையத்துப் பல் டாக்டர் அக்பயானி அம்மாவுக்கு மட்டும் தோன்றவில்லை. ஆடிய பல்லைப் பிடுங்கப் போனவளின் மேலண்ணத்தில் வெள்ளைத் திட்டு ஒன்றைப் பார்த்துவிட்டார்.

"நெருப்ப உள்ள வெக்கிறத இன்னையோட நிறுத்துங்க. ஊர்த் திருவிழா முடிஞ்சதும் வாங்க. திட்டு அப்படியே இருந்தா ஒரு துண்டு வெட்டி சோதனைக்கு அனுப்பணும்."

லியோனிலாவின் அக்கா பிரிஸ்கா அண்ணத்துப் புண்ணில்தான் செத்துப்போனாள். கடைசி நாட்களில் கஞ்சிகூட இறங்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவள் துவைக்கும்போதெல்லாம் நாக்கால் அண்ணத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பயம் ஒரு பக்கம், சிகரெட்டுக்காக வாய் நமநமவென்றது இன்னொரு பக்கம்.

தெருமுனையில் ரென்சோ வேப் என்கிற மின் சிகரெட்டு விற்கும் கடை வைத்திருந்தான். அவன் சட்டைகளைத் துவைப்பது இவள்தான். தேய்த்த துணியைக் கொண்டுபோன இடத்தில், மேசைமேல் இருந்த கருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டா, இதுல நெருப்பு எந்தப் பக்கம்?"

"நெருப்பே இல்லக்கா. கம்பி சூடாகும், அவ்வளவுதான்." மூடியைக் கழற்றிக் காட்டினான். உள்ளே சின்னக் கம்பிச்சுருள், அதற்குள் ஒரு கொத்துப் பஞ்சு. "பஞ்சுல நாலஞ்சு சொட்டு விடணும். அது குடிக்கிற வரைக்கும் பொறுக்கணும். ஜாஸ்தி விட்டா ஓட்ட வழியா ஒழுகும். காஞ்சுபோச்சுன்னா பஞ்சு கருகித் தொண்டையப் பிடிக்கும். அப்புறம் மூடியப் போட்டு இழுக்க வேண்டியதுதான். கொஞ்சம் இழுத்ததும் மறுபடி சொட்டணும்."

"மறுபடி மறுபடி சொட்டிட்டே இருந்தா நான் துணி துவைக்கிறது எப்போ?"

"தொட்டி வெச்சதும் இருக்கு. ஆனா ருசி இதுலதான்."

"அப்ப இதையே குடு. உனக்கு வியாபாரம் தெரியுதுடா."

ஊதா வள்ளிக்கிழங்கு வாசனைத் திரவம் ஒரு குப்பி சேர்த்து வாங்கிப்போனாள். துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, அவன் சொன்னபடியே சொட்டினாள், பொறுத்தாள். பஞ்சு குடித்துவிட்டதா என்று பார்க்க, மூடி போடாமலே பொத்தானை அழுத்தினாள். கம்பி சிவந்தது, பஞ்சு சொய்யென்றது, கிழங்கு அல்வா கிண்டும் வாசனையோடு வெள்ளையாக ஆவி எழுந்தது. இது வரைக்கும் எல்லாம் சரி. ஆனால் வாழ்நாளெல்லாம் சிவந்த முனையை உள்ளே வைத்துப் பழகிய கை, மூடி என்று ஒன்று இருப்பதையே மறந்து, அந்தச் சூட்டோடு கருவியை வாய்க்குள் கொண்டுபோய்விட்டது.

அவள் அலறிய சத்தம் கேட்டு ரென்சோ ஓடிவந்தான். உதடும் நாக்கின் நுனியும் வெந்திருந்தன.

"மூடிய ஏன்க்கா போடல?"

"உள்ளதானடா போகணும்," என்றாள் அவள், குழறிக்கொண்டு. அவனுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

கொப்புளம் போட்ட வாய்க்குள் நெருப்பை விட வழியில்லை. மற்றவர்கள்போல நெருப்பை வெளியே விட்டுப் பிடித்துப் பார்த்தாள். வைக்கோலை உறிஞ்சுவது போலிருந்தது. போதாக்குறைக்குச் சாம்பல் பாதிரியாரின் வெள்ளை அங்கியில் விழுந்து, அதை மறுபடி அலச வேண்டியதாயிற்று. சிகரெட்டைச் சாக்கடையில் எறிந்தாள்.

வாய் நமநமக்கும்போதெல்லாம் அந்தக் கருவியைத்தான் எடுத்தாள். மூடியைத் திறப்பாள், சொட்டுவாள், அழுத்துவாள். ஒரு சொட்டுக்கு என்ன சத்தம், மூன்று சொட்டுக்கு என்ன சத்தம், பஞ்சின் எந்த ஓரம் முதலில் காய்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கிழங்கு தீர்ந்ததும் தேங்காய் வாங்கினாள், பிறகு காப்பி. அக்கா புகைவண்டி மாதிரி ஊதித் தள்ளுகிறாள் என்று ரென்சோ வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தான்.

திருவிழா முடிந்தது. டாக்டர் விளக்கை அடித்து அவள் அண்ணத்தை வெகுநேரம் பார்த்தார். லியோனிலா நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"நல்லா சுருங்கியிருக்கு. இப்போதைக்கு வெட்ட வேண்டியதில்ல," என்றவர், அவள் சட்டையை மோந்து முகம் சுளித்தார். "என்ன இது, வேப் வாசன? அத விட்டுட்டு இதுல விழுந்தீங்களா?"

"ஒரே ஒரு தடவ வாயில வெச்சேன் டாக்டர், வெந்துபோச்சு. அப்புறம் சொட்டி சொட்டிப் பாக்கறதோட சரி."

"பாக்கறதுக்கா காசு குடுத்து வாங்கறீங்க?"

லியோனிலாவின் கண் கலங்கியிருந்தது. நாக்கு தானாகப் போய் அண்ணத்தைத் தடவியது.

"நானும் எங்கக்காவும் ஆயுசு பூரா நெருப்ப வாய்க்குள்ளயே வெச்சிருந்தோம் டாக்டர். அது எப்படி எரியும்னு அவ பாக்காமலே போயிட்டா. நான் இப்பதான் பாக்கறேன்."