துக்கத்துக்கு ஒரு பதிவு எண்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். அத்தனை வருஷத்தில் ஒரு குழாயைக்கூடத் திருகியதில்லை. வேலை இரண்டுதான். போனில் திட்டுகிறவர்களின் திட்டை வாங்கிப் பதிவேட்டில் எழுதுவது. எழுதியதைச் சரிசெய்ய வேண்டிய ஆளை, அவன் வெறுத்துப்போகும்வரை விரட்டுவது. முதலாவதற்குப் பொறுமை வேண்டும், இரண்டாவதற்கு வெட்கம் கூடாது. இரண்டு தகுதியும் அவருக்குப் பிறவியிலேயே இருந்தன. 'புகாரக்கா' என்று அலுவலகத்தில் ஒட்டிய பெயர் ஓய்வுபெற்ற பிறகும் உதிரவில்லை. ஞாயிறுதோறும் போகும் கிறிஸ்தவ சபையிலும் அதுதான் பெயர்.

ஓய்வுபெற்ற எட்டு மாதத்தில் அவர் வீட்டுப் போன் நான்கு முறை அடித்தது. மூன்று, தவறான எண். நான்காவது, போன் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க அடுத்த அறையிலிருந்து கணவர் அடித்தது.

அந்தச் சமயத்தில்தான் சபையார் ஆறுதல் தொலைபேசி ஒன்றைத் தொடங்கினார்கள். மனம் உடைந்தவர்கள் காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை கூப்பிடலாம். ஆலயத்துக்குப் பின்னால், பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு போன். யார் உட்காருவது என்று பாஸ்டர் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். புகாரக்கா மட்டும் கையைத் தூக்கி, "முன் அனுபவம் இருக்குங்க ஐயா" என்றார். எந்த அனுபவம் என்று பாஸ்டர் அப்போது யோசிக்கவில்லை.

இரண்டாம் வாரம் அந்தப் பக்கம் போன பாஸ்டர் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார்.

"சொல்லுங்க... நிம்மதி இல்லையா? எத்தனை நாளா?... சுத்தமாவே இல்லையா, விட்டுவிட்டு வருதா?... பக்கத்து வீட்டுலயும் இப்படித்தானா, உங்க வீட்டுல மட்டுமா? சரி, எழுதிக்குங்க. உங்க பதிவு எண் பதினேழு. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள ஆள் வரும்."

பாஸ்டர் உள்ளே வந்தார். "அக்கா, துக்கத்துக்கு எதுக்கு நம்பர்?"

"நம்பர் இல்லாம எப்படிங்க ஐயா விரட்டுறது?"

"யாரை?"

"போற ஆளைத்தான். பதினேழுக்குப் பாடகர் குழுவுல ரெண்டு பேரைப் போட்டிருக்கேன். போகலைன்னா விடமாட்டேன்."

ஆள் போனது உண்மை. ஆனால் குற்றச்சாட்டும் வந்தது. சபை மூப்பரின் மைத்துனி, தன் மகன் பேசுவதில்லை என்று அழுதுகொண்டே கூப்பிட்டிருக்கிறார். "இதுக்கு முன்னாடி இந்தப் புகார் குடுத்திருக்கீங்களா?" என்று கேள்வி வந்ததாம். அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. அதுவும் ஒருவகையில் குணமாவதுதான் என்றாலும் மூப்பர் அப்படிப் பார்க்கவில்லை.

பாஸ்டர் ஒரு தாளில் ஆறுதல் வாக்கியங்கள் எட்டு எழுதிக் கொடுத்தார். "இதுக்கு வெளியே ஒரு வார்த்தை வேண்டாம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நானே பக்கத்துல உட்கார்ந்து கேட்கிறேன். சரிவரலைன்னா போனுக்கு வேற ஆளைப் பார்த்துடலாம்."

வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்த்துக் கணவர் கேட்டார். முன்னாள் பஸ் ஓட்டுநர். எதையும் மெதுவாகக் கேட்டுப் பழக்கமில்லை. "என்ன, மூஞ்சி காத்து மட்டும் வர்ற குழாய் மாதிரி இருக்கு?"

"போனைப் பிடுங்கிடுவாங்க போலிருக்குங்க."

"நீ சொல்ற ஆறுதலுக்குச் செத்தவனே எழுந்து வந்து, 'நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்க'ன்னு கெஞ்சுவான்."

புகாரக்கா சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் கணவருக்கு உறைத்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சரி, ஒத்திகை பார்ப்போம். நான் நொந்துபோனவன். அம்மா, என் பெண்சாதி என்னை மதிக்கிறதே இல்லை" என்றார்.

புகாரக்கா தாளைப் பார்த்து வாசித்தார். "கடவுள் உங்க கண்ணீரைப் பார்க்கிறார்."

"பார்த்து என்ன செய்யப்போறார்?"

"தாள்ல அது இல்லைங்க."

ஞாயிறு மதியம் முதல் அழைப்பே ரொட்டிக் கடைக்காரருடையது. மனைவியை அடக்கம் செய்து ஒரு மாதம். போன வாரமும் கூப்பிட்டவர். பாஸ்டர் முழங்கால் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒலிபெருக்கியில் போட்டு, புகாரக்கா தன்னுடையதல்லாத மெல்லிய குரலில் தொடங்கினார்.

"கடவுள் உங்க கண்ணீரைப் பார்க்கிறார்."

"யாருங்க பேசுறது? போன வாரம் பேசின அம்மா இல்லையா?"

"நான்தாங்க அது."

"இல்லையே. அவங்க நான் சொன்னதை எழுதிக்கிட்டாங்களே."

பாஸ்டர் போனுக்குக் குனிந்தார். "சகோதரரே, பாஸ்டர் பேசுறேன்."

"வணக்கம் ஐயா. அடக்கத்துல ரொம்ப நல்லாப் பேசினீங்களாம், எல்லாரும் சொன்னாங்க. எனக்குத்தான் ஒண்ணும் காதுல ஏறலை. அந்த அம்மாகிட்ட குடுங்க. என் நம்பர் இருபத்திமூணு."

பாஸ்டர் நிமிர்ந்தார். புகாரக்கா தாளை ஓரமாக நகர்த்திவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். குரல் தானாகவே பழைய உயரத்துக்கு ஏறியது.

"இருபத்திமூணு, சொல்லுங்க. யார் மேல புகார்?"

"கடவுள் மேல."

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க, எழுதறேன்."

"ஒன்பது மாசம் படுக்கையில கிடந்தா. தினமும் கேட்டேன், அடுப்பு பத்தவைக்கும்போது. ஒரு நாள்கூடப் பதில் இல்லை. இப்ப ரொட்டி எல்லாம் கருகிப்போகுது. அவதான் எப்பவும் நேரம் பார்ப்பா..." அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

புகாரக்கா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். எதிர்முனையில் இருப்பவர் அழும்போது எழுதக் கூடாது என்பது அவர் தொழிலில் கற்றது. இடையில் வாய் திறக்கப்போன பாஸ்டரைப் பேனாவாலேயே அடக்கினார்.

அழுகை ஓய்ந்ததும், "திருப்பிப் படிக்கிறேன், தப்பிருந்தா சொல்லுங்க" என்று ஒரு சொல் விடாமல் படித்தார். "கடைசியில, 'கோபமா இருக்கார்'னு போடவா?"

"போடுங்க. ரொம்பன்னு போடுங்க."

"ரொம்ப. போட்டாச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தோடு, சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "இதுக்குப் பதில் வருமாம்மா?"

"தெரியாதுங்க. வாரியத்துலயும் தண்ணி எப்போ வரும்னு நான் யாருக்கும் சொன்னதில்லை. தெரியாததைச் சொல்லமாட்டேன். ஆள் வரும். நாலு மணிக்கு."

போனை வைத்தார். அங்கிகள் காற்றில் லேசாக ஆடின. இருபது வருஷமாக அந்தப் புகாருக்குப் பதில் சொல்லியே வந்தவர் பாஸ்டர். அதை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டுக்கொண்டோமா என்று அவருக்கு நிச்சயமில்லை. தன் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"போன் உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா. மூப்பர்கிட்ட நான் பேசிக்கிறேன்." எழுந்தவர் கேட்டார்: "நாலு மணிக்கு யாரைப் போட்டிருக்கீங்க?"

புகாரக்கா அவரையே பார்த்தார்.

"நானா? நான் போய் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க ஐயா. அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து நேரம் பாருங்க. ரொட்டி கருகக் கூடாது."