முன்னுக்கு நிறுத்தப்பட்ட சமையற்காரன்

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் லின் என்ற சீனரின் சாப்பாட்டுக் கடையில் நான் பல வருடம் சமையற்காரன். குசினிக் கதவு திறந்திருந்தால் லினுக்குப் பிடிக்காது. "தமிழன் சமைக்கிறது எண்டு தெரிஞ்சா சனம் வராது" என்பார். நாங்கள் பேசியது உடைந்த ஜெர்மன். இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

கொரோனாச் செய்தி பரவத் தொடங்கிய கிழமை, அவருடைய மனைவி மேயை பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் தள்ளி விழுத்தினான். "வைரஸ், உன்ர ஊருக்குப் போ" என்றானாம். மணிக்கட்டு முறிந்தது. மேயின் தகப்பன் அந்தப் பக்கத்துக்கு முதலில் வந்த சீனர்களில் ஒருவர். கோப்பை கழுவித் தொடங்கியவர். மேய் பிறந்தது பக்கத்து நகரமான லுசேர்னில். ஊருக்குப் போவதென்றால் அடுத்த பஸ்ஸிலேயே போயிருக்கலாம்.

மறுநாள் லின் குசினிக்குள் வந்தார்.

"இண்டையிலிருந்து நீ முன்னுக்கு நில். மேய் உள்ளுக்கு இருக்கட்டும்."

"ஏன்?"

"சீனர் சமைக்கிறது எண்டு தெரிஞ்சா சனம் வராது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனாலும் நின்றேன். வந்த ஒன்றிரண்டு சுவிஸ்காரரும் என் கறுப்பு முகத்தைக் கண்டு நிம்மதியடைந்தார்கள். நான் நாட்டுக்கு வந்த புதிதில் இதே முகத்தைக் கண்டு ரயிலில் கைப்பையை இறுக்கிப் பிடித்தவர்கள். முகத்துக்கும் நல்ல காலம் பிறக்கும்போல.

சனிக்கிழமை தேவன் அண்ணை வந்தார். கோயில் நிர்வாகசபைக்காரர். மகளின் பிறந்தநாளுக்கு ஃபிரைட் ரைஸ் சொல்லியிருந்தார்.

"தம்பி, சமைச்சது நீதானே?"

"ஓம் அண்ணை."

"அந்தச் சீனச்சியின்ர கை படேல்லைத்தானே?"

ஊரில் ஆர் தொட்ட கிளாஸ் என்று விசாரித்துத் தேத்தண்ணி குடித்த பழக்கம். மனிசன் அகதியாக ஓடிவரும்போது காணி, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்.

"பட்டதண்ணை. மரக்கறி கழுவினதும் அவதான், பெட்டி மூடினதும் அவதான். வேண்டாமெண்டா விட்டிட்டுப் போங்கோ."

போய்விட்டார். பெட்டிகள் மேசையில் கிடந்தன. லின் தலையில் கைவைத்தார்.

"வந்த ஒரு ஓடரையும் ஏன் கலைச்சனி?"

"முன்னுக்கு நிக்கச் சொன்னியள், நிக்கிறன். மேயும் பக்கத்தில நிக்கவேணும். இல்லாட்டி நானும் உள்ளுக்குப் போறன்."

லின் பதில் சொல்வதற்குள் மேய் மாவுக்கட்டுக் கையோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். அன்று வேறு ஒருவரும் வரவில்லை. பிறந்தநாள் சாப்பாட்டை மூன்று பேரும் இருந்து சாப்பிட்டோம்.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலாளி உன்னை முன்னுக்கு நிறுத்தினால் சந்தோஷமாக நில். ஆனால் ஆரை மறைக்க நிறுத்துகிறார் என்று ஒருக்கால் திரும்பிப் பார்.