சின்னப் படகில் ஒருவருக்குத்தான் இடம்

மௌரீனுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் ஆறு வருஷமாக ஏரியில் படகு தள்ளித்தான் பிழைத்தாள். விவேக் நகரிலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து, மூங்கில் கழியை ஊன்றிப் போய், ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் கொட்டுகிற வேலை.

2005 அக்டோபர் மழையில் அந்த ஏரி வழிந்து, கீழே இருந்த லேஅவுட்டுக்குள் புகுந்தது. தீயணைப்பு வீரர் ரவிக்குமார் அவளைத் தேடி வந்தார். அவர்களுடைய ரப்பர் படகு வேறு பேட்டைக்குப் போயிருந்தது. ஏரியின் இரண்டு படகுகளையும் லாரியில் ஏற்றித் தெருமுனையில் இறக்கினார்கள். பெரியது இரும்புத் தகடு. எட்டுப் பேர் ஏறலாம். சின்னது ஃபைபர்; தள்ளுகிற ஆளோடு இன்னொருவர்தான்.

சந்தின் கடைசி வீட்டில் சுப்ரமணியனும் அவர் மனைவி கோமளமும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ரிட்டயரான அரசு அதிகாரி. பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிட்டது என்று கோமளம் ஜன்னலிலிருந்து கத்தினார்.

"பெருசை எடும்மா. ரெண்டு பேரையும் ஒரே தடவைல கூட்டியாந்துடலாம்" என்றார் ரவிக்குமார்.

மௌரீன் கழியால் சந்துத் தண்ணீரைத் துழாவினாள். "வேணாம் சார். வீடு கட்ட ஜல்லி கொட்டி வெச்சிருக்காங்க. அது மேல முழங்கால் தண்ணிகூட இல்ல. பெருசு தட்டி நின்னுடும். பக்கத்துலயே ராஜகாலுவே, மழைத்தண்ணி ஓடற பெரிய கால்வாய். இழுத்துச்சுன்னா அவ்ளோதான்."

"சின்னதுன்னா ரெண்டு ட்ரிப்பு. அதுவரைக்கும் அந்தம்மா?"

மௌரீன் சின்னதைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வாசல்வரைதான் படகு போனது. இரண்டு பெண்களும் சுப்ரமணியனைப் போர்வையோடு தண்ணீரில் இழுத்து வந்து படகில் கிடத்தினார்கள். "நீங்க இங்கயே இருங்க மாமி, இதோ வந்துடறேன்." கோமளம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது ஜல்லிமேல் படகின் அடி கரகரவென்று உரசி நின்றது. வால்பக்கம் கால்வாயை நோக்கித் திரும்பியது. சுப்ரமணியனின் வேலை செய்கிற ஒரு கை அவள் புடவையை இறுக்கிப் பிடித்தது. மௌரீன் கழிமேல் முழு உடம்பையும் சாய்த்தாள். நகரவில்லை. மறுபடி சாய்த்தாள். படகு வழுக்கி அந்தப் பக்கம் இறங்கியது.

அவரைத் தெருமுனையில் தூக்கிவிட்ட சமயம், சந்துக்குள் சுவர் சரிகிற சத்தம் கேட்டது. வாசலில் கோமளம் இல்லை.

"மாமி!" தள்ளிக்கொண்டே கத்தினாள். "மாமி!"

சமையலறைப் பக்கம் சுவர் விழுந்திருந்தது. கூடத்தில் சாப்பாட்டு மேஜைமேல் கோமளம் நின்றிருந்தார், இடுப்புவரை நனைந்து.

"அவர் கரையேறிட்டாரா?"

"ஏறிட்டாரு. வாங்க."

தெருவுக்கு வந்து இறங்கியதும் கோமளம் அவள் கையை விடாமல் அழுதார். "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேடி."

இரண்டு நாள் ஜுரத்தில் கிடந்துவிட்டு மௌரீன் வேலைக்குத் திரும்பினாள். சுப்ரமணியன் மறுவருஷம், மாடி வீடொன்றில், தன் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். கோமளம் அவ்வப்போது மௌரீனைக் கூப்பிட்டு அனுப்புவார். காபி கொடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் கேட்பார்: "அன்னிக்கு அந்தச் சுவர் என் மேல விழுந்திருந்தா?"

மௌரீன் பேச்சை மாற்றுவாள். ஒருநாள் மட்டும் தலை நிமிர்ந்து சொன்னாள். "விழுந்திருக்கலாம் மாமி. அது தெரிஞ்சுதான் அவர மொதல்ல கூட்டிட்டுப் போனேன்."

கோமளம் அவளுடைய காலி டம்ளரை எடுத்துக்கொண்டார். பிறகு இன்னொரு டம்ளர் காபி கலக்க எழுந்து போனார்.