கோல் கம்பத்தடியில் ஓர் அசர்த் தொழுகை

யாழ்ப்பாணம் முற்றவெளியில் அன்று நடந்த உதைபந்தாட்டத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது! நான் எங்கள் சோனகத் தெரு அணியின் கோல் காப்பாளன். எதிரணி, மிஷன் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள். இடைவேளை வரை யாருக்கும் கோல் இல்லை.

பிற்பகலின் அசர்த் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கை, முகம், கால் கழுவி உளுச் செய்து, காற்சட்டைக்கு மேல் சாரத்தைக் கட்டி, கோல் கம்பத்தடியில் தொழ நின்றேன். உடனே சனம் கம்பத்துக்கு அப்பால் நின்ற சோடா வண்டியை நோக்கி என் பக்கமாக ஓடிவந்தது. தொழுகை குலையப் போகிறதே என்று பதறினேன்.

“நில்லுங்கோடா! தொழுறவருக்கு முன்னாலை குறுக்கை போகப்படாது!”

எதிரணித் தலைவன் அருளப்பனின் குரல். நான் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துப் பார்த்தால், கைகளை விரித்துச் சனத்தை மறித்தபடி நிற்கிறான். இரண்டாம் பாதிக்கு நடுவர் விசில் ஊதியும் அசையவில்லை.

“உமக்கு இது எப்பிடித் தெரியும்?” என்றேன்.

“எங்கடை வீடு உங்கடை பள்ளிவாசலுக்குப் பக்கத்திலைதானே! எழும்பும், இப்ப கோல் அடிக்கப் போறன்!”

சொன்னபடியே கடைசி நிமிடத்தில் உதைத்தான். பாய்ந்து பிடித்துவிட்டேன்! எங்கள் தெருவே என்னைத் தோளில் தூக்கியது.

அந்தக் கோலை நான் அவனுக்கு விடவில்லை. அந்த அசரின் நன்மையில் பாதியை அவனுக்கே கொடு என்று மட்டும் இன்றும் இறைவனிடம் துஆக் கேட்கிறேன்.