தோணி புறப்படும் நாளில் அத்தை இருந்த அறை

கசிந்துபோன கருப்பட்டிக்கு ஒரு வாடை உண்டு. புகையும் இனிப்பும் கலந்த நல்ல கருப்பட்டியின் மணம் எல்லோருக்கும் தெரியும்; நான் சொல்வது, உப்புக்காற்றில் நாலு நாள் கிடந்து, மேலெல்லாம் வேர்த்து, ஓலைப்பெட்டியின் அடியில் கறுப்பாகச் சொட்டத் தொடங்கிய கருப்பட்டியின் புளித்த வாடை. அது மூக்கில் ஏறினால், எண்பதைத் தாண்டிய இந்த வயதிலும் எனக்கு முதலில் கோபம் வருகிறது. வடிவத்தையின் முகம் அதற்குப் பிறகுதான்.

வடிவத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமான மறுவருஷமே புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளைகுட்டி இல்லாமல், தூத்துக்குடியில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். பெற்றவர்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியை ஆளாக்க அவள் கையில் எடுத்தது கருப்பட்டி வியாபாரத்தை. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சாத்தான்குளத்துக்கு அப்பால், செம்மணலும் பனையுமாகக் கிடக்கும் தேரிக்காட்டுக்குப் போவாள். பதனீர் காய்ச்சும் ஓலைக் குடிசையை அங்கே "விடிலி" என்பார்கள். மற்ற வியாபாரிகள் பனையேறியோடு பேரம் பேசிக்கொண்டிருக்க, இவள் நேரே விடிலிக்குள் நுழைந்து, அடுப்பு முன்னால் வேகிற பெண்களோடு உட்கார்ந்துவிடுவாள். எவளுக்குப் பாகின் பதம் தெரியும், எவள் அவசரக்காரி, எவள் வீட்டில் புருஷன் குடிக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வாங்கி வந்த கருப்பட்டியை எங்கள் அடுக்களைக்கு மேலே இருந்த மச்சில் அடுக்குவாள். அடுப்புப் புகை ஏறிப் போக வசதியாக மச்சுப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் அந்தக் கருப்பட்டி கல் மாதிரி இருக்கும். ஒன்றோடொன்றைத் தட்டினால் "டக்"கென்று கேட்கும். துறைமுகத்துப் பக்கம் ஒரு "கிட்டங்கி" வாடகைக்குப் பிடித்துச் சரக்கைப் போட்டால் வண்டிக்கூலி மிச்சமே என்று யார் யோசனை சொன்னாலும் கேட்கமாட்டாள். "கடக்காத்துக்கு நாக்கு உண்டு, ஏளா. இனிப்பக் கண்டா நக்காம விடாது" என்பாள் என்னிடம். யுத்தகாலத்தில் சீனிக்குத் தட்டுப்பாடு வந்து கருப்பட்டிக்கு மவுசு கூடியபோது எங்கள் வீடு மாடிவீடாயிற்று. கொழும்புக்குத் தோணி தோணியாகப் போன சரக்கு அத்தனையும் அவள் உழைப்பு. சிப்பங்களின் மேல் எழுதியிருந்த பேர் மட்டும் அப்பாவுடையது.

தோணிக்குச் சரக்கு போகும் நாளில் அத்தை யார் கண்ணிலும் படமாட்டாள். வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அம்மா சூடம் கொளுத்தித் தேங்காய் விடலை போடுவாள். தோணியை ஓட்டிப் போகிற "தண்டல்" தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிடுவார். கடைசி வண்டி தெருமுனை திரும்பும்வரை அத்தை பின்கட்டில் இருந்த சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவேண்டும். தாலியறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காதாம். அவளைப் போகச் சொல்லி யாரும் வாய்திறந்து நான் கேட்டதில்லை, அவளாகவே போய்விடுவாள். வழக்கத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம்.

நானும் அவளோடு போய் ஒட்டிக்கொள்வேன். மடியில் உடைத்த கருப்பட்டியும் நிலக்கடலையும் வைத்திருப்பாள். வண்டி நகரும் சத்தத்தை வைத்தே எந்த வண்டியில் பாரம் கோணலாக ஏறியிருக்கிறது என்று சொல்வாள். எனக்கு அது பெரிய விளையாட்டு. தன் சரக்கு புறப்படுவதை அவள் தன் கண்ணால் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது உறைக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

யுத்தம் முடிந்த சமயம் அப்பாவுக்குத் தானே வியாபாரம் பார்க்கும் ஆசை வந்தது. அத்தை தேரிக்காட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, யாரிடமோ மொத்தமாகக் கருப்பட்டி வாங்கி, அவளுக்குச் சொல்லாமல் துறைமுகத்தருகே ஒரு கிட்டங்கியில் போட்டுவிட்டார். ஆனால் சரக்கு எங்கே கிடந்தாலும் வீட்டு வாசலில் சூடம் காட்டித்தான் போகவேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். ஆகவே ஏற்றுகிற நாளன்று மச்சுச் சரக்கோடு கிட்டங்கிச் சரக்கும் வாசலுக்கு வந்து நின்றது.

அறைக்குள் கடலை உரித்துக்கொண்டிருந்த அத்தை சட்டென்று நிமிர்ந்து, சின்ன ஜன்னல் வழியே வந்த காற்றை மோந்து பார்த்தாள். "ஏளா, இது நம்ம மச்சுச் சரக்கு இல்ல" என்றாள். கொஞ்சநேரம் சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து தாழ்ப்பாளை விலக்கினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் வெளியே போகக்கூடாது என்று எனக்கே தெரிந்திருந்தது, பாருங்கள், அந்த வயதிலேயே.

வாசலில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அத்தை நேரே வண்டியருகே போய் ஒரு சிப்பத்தின் அடியைத் தடவி, கறுத்து ஒட்டிய விரல்களை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏலே ராசு, வண்டிய நிறுத்து! எங்கன கெடந்த சரக்குலே இது? ஒழுகுதுலா. இதத் தோணியில போட்டா நல்ல சரக்கும் சேந்துல்லா கெட்டுப்போகும்!"

விரலை யார் பார்த்தார்கள்? எல்லோரும் அவள் வெள்ளைச் சேலையைத்தான் பார்த்தார்கள். தண்டல் தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டு, "புறப்படுத நேரத்துல இப்பிடி ஆயிட்டே, அண்ணாச்சி" என்றார். அப்பாவின் முகம் சிவந்தது.

"எக்கா, உள்ள போ. தெருவுல வச்சு மானத்த வாங்காத. உள்ள போன்னு சொல்லுதேம்லா!"

தான் சோறூட்டி வளர்த்த தம்பி தன்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. அவள் உள்ளே போனாள். வண்டிகளை ஒரு சுற்றுச் சுற்றி வரச்செய்து, அம்மா இன்னொரு தேங்காய் உடைத்து, சகுனத்தைச் சரிசெய்தார்கள். கருப்பட்டியைச் சரிசெய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொழும்பில் இறக்கும்போது தோணியின் அடியில் பாகு தேங்கி நின்றதாம். மச்சிலிருந்து போன நல்ல சரக்கும் அதில் ஊறி, வாங்க ஆளில்லாமல், எல்லாவற்றையும் கடலில் கொட்டிவிட்டு வந்தார்கள். அத்தை சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது. ஊர் சொன்னதோ வேறு. "வடிவு எதுக்க வந்தாள்லா, அப்பொறம் எப்பிடி வெளங்கும்?" ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அப்பாவும் அதையே சொன்னார். கிட்டங்கியில் போட்ட கை அவருடையது. அவருக்குக் காரணம் தெரியும். கிட்டங்கியைச் சொன்னால் தன் தலை உருளும், அக்காவின் வெள்ளைச் சேலையைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்பதும் தெரியும். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைப்பது என்பதை நான் என் வீட்டுக்குள்ளேயே பார்த்தேன். அப்பாவை இந்த ஒரு விஷயத்தில் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மச்சுச் சாவி அத்தையின் இடுப்பிலிருந்து அம்மாவின் இடுப்புக்குப் போயிற்று. தேரிக்காட்டுப் பயணம் நின்றது. விடிலிப் பெண்கள் இரண்டொருவர் வீடு தேடி வந்து, "எக்கா, நீ வராம எங்க சரக்க எவன் மதிக்கான்?" என்று அழுதுவிட்டுப் போனார்கள். அப்பாவின் கையில் வியாபாரம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒரு பலசரக்குக் கடையில் வந்து நின்றது. அதையும் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள், யோசனை கேட்பார் இல்லாமல். அப்பா போய், அம்மா போய், அதற்கப்புறமும் அவள் இருந்தாள். தொண்ணூறு தாண்டித்தான் போனாள். "கொடுத்துவச்ச ஆயுசு" என்றார்கள் சாவுக்கு வந்தவர்கள். கையைக் கட்டி உட்காரவைக்கப்பட்ட கெட்டிக்காரிக்கு இத்தனை ஆயுள் எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் கல்யாணத்தன்று என்னை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வண்டி பூட்டியதுமே அவள் அந்த அறைக்குப் போய்விட்டாள். நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "போளா, நேரமாகுதுல்லா. நீ நல்லாருக்கணும்லா" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். கதவைத் திறக்கவில்லை. ஒழுகிய பாகைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தவள், கடைசியில் ஊர்ப்பேச்சை நம்பிவிட்டாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டு போனேன். பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்று அந்த வீடு இல்லை, மச்சு இல்லை. பாய் விரித்துப் போன தோணிகளும் இல்லை. கருப்பட்டி கடையில் பளபளப்பான காகிதம் சுற்றிக் கிடைக்கிறது. பாதிக்குப் பாதி சீனி. என் வீட்டுக்காரர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. போன தை மாதம் என் பேரன் வேலைக்காகத் துபாய்க்குப் புறப்பட்டான். வாசலில் கார் நின்றது. என் மருமகள் நல்லவள், வங்கியில் அதிகாரி, என்னைத் தாயாகப் பார்த்துக்கொள்கிறவள். அருகே வந்து தணிந்த குரலில், "அத்தை, வண்டி கிளம்புத வரைக்கும் செத்த நேரம்..." என்று தொடங்கியவள், சொல்லமுடியாமல் நிறுத்தினாள்.

அவள் அவ்வளவு சங்கடப்பட்டிருக்க வேண்டியதில்லை. நான் அதற்குள் எழுந்துவிட்டிருந்தேன். அறைக்குள் போய்க் கதவை நானே சாத்தினேன். பேரன் திரும்பிப் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது.